பூட்டும் தாழும்: பழைய கார்க் கதவுகளும் வாகனப் பரிசோதனை விதிகளும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழைய வாடகைக் காரிலே பயணஞ் செய்தோர் ஒரு காட்சியை நன்கறிவர். சேரவேண்டிய இடம் வந்ததும் ஓட்டுநர் விரைந்து இறங்கி, காரைச் சுற்றிவந்து, பின்கதவை வெளியிலிருந்து திறந்துவிடுவார். புதியவர் இதனை மரியாதை என்று கொள்ளக்கூடும். உண்மையிலே கதவின் உட்கைபிடி செயலற்றுப் போயிருக்கும். வெளியிலிருந்து ஒரு குறித்த முறையிலே சற்று உயர்த்தி இழுத்தாலன்றி அக்கதவு திறவாது. அம்முறை ஓட்டுநரின் கைக்கு மட்டுமே தெரியும். கார் கவிழ்ந்தால், அல்லது தீப்பற்றினால், அல்லது ஓட்டுநரே மயங்கி வீழ்ந்தால், உள்ளே இருப்பவரின் கதி யாது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை.

இறுகிப்போன கார்க் கதவுப் பூட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமா என்று சிலர் ஐயுறலாம். நாம் இலக்கியத்தைத் துறையாகக் கொண்டவர்கள் என்பதால் அவ்வையம் இருமடங்காகலாம். ஆயினும், அன்றாடம் கைபடும் பொருள்களினூடாக மனிதரிடையேயுள்ள உறவுகள் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை ஆராய்வது பண்பாட்டு வரலாற்றின் பணிகளுள் ஒன்றாகும். ஒரு கதவு யாருக்குத் திறக்கிறது, யாரை உள்ளே வைத்திருக்கிறது, பழுதுபட்டால் அதனைத் திருத்தும் பொறுப்பு யாருடையது, அப்பொறுப்பைச் சட்டம் எவரிடம் ஒப்படைக்கிறது என்னும் வினாக்கள் வெறும் தொழில்நுட்ப வினாக்கள் அல்ல. வாகனப் பரிசோதனை விதிகளின் வரலாற்றை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். கராஜ்களிலே 'டோர் லொக்' என்ற ஒரே பெயரால் வழங்கப்படும் கருவிக்குள் இரு வேறு உறுப்புகள் உள. ஒன்று, திறவுகோலால் இயங்கும் பூட்டு. அந்நியர் உள்ளே புகாதவாறு தடுப்பது. மற்றது, ஓடும்போது கதவு திறந்துவிடாமல் நிலையோடு பற்றிப் பிடித்திருக்கும் தாழ். தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் நெடுங்காலமாகவே உள்ளன. நெடுநல்வாடையிலே அரண்மனைக் கதவை வருணிக்கும் புலவர் இரும்பாற் பிணித்தமையையும் தாழ் அமைத்தமையையும் கூறுவதோடு நில்லாது, இடைவெளியின்றி அதனை இறுக்கிய கம்மியனின் கைவன்மையையும் குறிப்பிடுகிறார். கதவைப் பற்றிப் பேசுமிடத்து அதைச் செய்தவனையும் பேசும் அம்மரபு மனங்கொள்ளத்தக்கது. பூட்டு காப்பது உடைமையை; தாழ் காப்பது உயிரை. இவ்விரண்டினுள் எதற்கு முதலிடம் வழங்கப்பட்டது என்பதே நாம் பின்வரும் பகுதிகளிற் காணவிருப்பது.

1. பூட்டிய கதவின் முன்வரலாறு

காருக்கு முந்திய காலத்திலேயே இம்முரண்பாடு கூர்மையடைந்துவிட்டது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி வேர்சேயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற புகையிரதம் மெடோன் என்னுமிடத்தில் தடம்புரண்டு தீப்பற்றியது. அக்காலத்து வழக்கப்படி பயணிகளின் பெட்டிகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. வெளியேற வழியின்றிப் பலர் உள்ளேயே எரிந்து மாண்டனர். கடலாய்வாளரான துமோன் துர்வில் குடும்பத்தோடு இறந்தது இவ்விபத்திலேயே. இதன் பின்னரே பயணிகளை உள்ளே வைத்துப் பூட்டும் வழக்கம் கைவிடப்பட்டது.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் நகரிலே ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் நிகழ்ந்த தீவிபத்து இதனினும் வெளிப்படையான பாடத்தைத் தருகிறது. 146 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். படிக்கட்டுக்குச் செல்லும் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து செல்லும் தொழிலாளரைச் சோதனையிடுவதற்கு வசதியாக அவர்களை ஒரே வழியால் வெளியேற்றுவதே அவ்வாறு பூட்டியதன் நோக்கம். சில துண்டுத் துணிகளைக் காப்பதற்கான பூட்டு உயிர்களைப் பலிகொண்டது. தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியே அம்மாநிலத்தின் தொழிற்சாலைச் சட்டங்களைத் திருத்துவித்தது. பாதுகாப்பு விதி என்பது ஆட்சியாளரின் கருணையால் எழுவதன்று; இறந்தோரின் பெயரால் இருப்போர் நடத்தும் போராட்டத்தின் விளைவாகவே அது பெரும்பாலும் எழுகிறது.

2. காரின் கதவு: உடைமையிலிருந்து உயிருக்கு

1886இல் கார்ல் பென்ஸ் உரிமப்பதிவு பெற்ற மோட்டார் வண்டிக்குக் கதவே இருக்கவில்லை. போர்ட் நிறுவனம் 1908இல் வெளியிட்ட மொடல் ரீ காரின் வரலாறும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவிற் செய்யப்பட்ட திறந்தவகைக் கார்களிலே நெடுங்காலம் ஓட்டுநர் பக்கத்தில் உண்மையான கதவு இருந்ததில்லை. தகட்டிலே கதவின் வடிவம் மட்டும் புடைத்திருந்தது. 1926ஆம் ஆண்டுக்குரிய மாதிரியிலேயே அப்பக்கத்துக்கும் திறக்கக்கூடிய கதவு கிடைத்தது. கதவொன்றைச் செய்யும் செலவை மீதப்படுத்தல் உற்பத்தியாளனுக்கு இலாபம். மறுபக்கத்தால் ஏறி இறங்கும் தொல்லை ஓட்டுநருக்கு.

1920களிலே கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார்கள் அமெரிக்கச் சந்தையில் மேலோங்கின. மூடிய உடலமைப்போடு கதவுப்பூட்டும் பொருள் பெற்றது. காரை வீதியிலே விட்டுச் செல்லும் உடைமையாளனுக்குத் திறவுகோல் இன்றியமையாததாயிற்று. எனினும், ஓடும் காரிலே மோதல் ஏற்படின் அதே கதவு மூடியபடி நிற்குமா என்பதைப் பற்றி உற்பத்தியாளர் அதே அளவு கவலைகொண்டதாகத் தெரியவில்லை. அக்காலத்துத் தாழ்களிற் பல, சரிவான நாக்கொன்று நிலையிலுள்ள தகட்டிற் பொருந்துமாறு அமைந்தவை. மோதலின்போது உடற்சட்டம் முறுக்குண்டு கதவுக்கும் நிலைக்குமிடையே சிறிது இடைவெளி உண்டானால் நாக்குத் தகட்டை விட்டுக் கழன்றுவிடும். கதவு திறந்து, ஆசனப் பட்டியில்லாத பயணி வீதியில் வீசப்படுவார்.

இவ்வுண்மை புள்ளிவிபரத்தின் மூலம் நிறுவப்பட்டமை 1950களில் ஆகும். 1917இல் விமான விபத்தொன்றில் உயிர்தப்பிய ஹியூ டிஹேவன், காயங்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை ஆராயத் தலைப்பட்டார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடக்கிவைத்த மோட்டார் விபத்துக் காய ஆய்வுத் திட்டம், பொலிஸாரும் மருத்துவர்களும் தந்த பதிவுகளைத் தொகுத்து, காரிலிருந்து வெளியே வீசப்படுவோர் உள்ளே இருப்போரிலும் பன்மடங்கு ஆபத்துக்கு உள்ளாகின்றனர் என்று காட்டியது. 1956ஆம் ஆண்டு மாதிரிகளிலே போர்ட் நிறுவனம் மோதலிற் கழன்றுவிடாத தாழைப் பொருத்தி அதனை விளம்பரமும் செய்தது. பாதுகாப்பு அங்கே விற்பனைச் சரக்கின் ஓர் இயல்பாகத் தோன்றியது. வாங்குபவர் விரும்பினாற் பெறலாம், சந்தை விரும்பாவிடிற் பின்தள்ளப்படும்.

அதனைச் சந்தையின் விருப்பிலிருந்து மீட்டுச் சட்டக் கடமையாக்கப் பத்தாண்டுகள் சென்றன. 1965இல் ரால்ப் நேடரின் நூல் கார் உற்பத்தியாளரின் அலட்சியத்தைப் பொதுமக்கள்முன் வைத்தது. 1966இல் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் வகுக்கப்பட்ட 206ஆம் இலக்க நியமம் 1968 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கதவுத் தாழ் முழுமையாகப் பற்றும் நிலை, பாதி பற்றும் நிலை என இரு நிலைகளைக் கொண்டிருத்தல் வேண்டும். முழுநிலையிலே நீளவாக்கில் 2,500 இறாத்தலும் குறுக்குவாக்கில் 2,000 இறாத்தலும் தாங்க வேண்டும். பாதி நிலையிலும் 1,000 இறாத்தல் தாங்க வேண்டும் என்று அது விதித்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 1969இல் தாழ், பிணைச்சல் ஆகியன குறித்த 11ஆம் இலக்க ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. திறவுகோற் பூட்டுக் காரிலே பரவலாகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே உயிர்காக்கும் தாழ் சட்டத்தின் கண்ணிற் பட்டது என்பது இவ்வாண்டு வரிசையால் விளங்கும்.

3. பரிசோதனை: பொறுப்பு கைமாறிய வரலாறு

மேற்கூறிய நியமங்கள் உற்பத்தியாளனைக் கட்டுப்படுத்துபவை. காரை விற்ற கணத்தோடு அவற்றின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் தாழ் தேய்வதும் துருப்பிடிப்பதும் அதன் பின்னரே. ஆண்டுகள் செல்லச் செல்ல வாகனம் தகுதியோடிருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு, காலமுறைப் பரிசோதனை என்னும் ஏற்பாட்டின் வழியாக உடைமையாளனிடம் வந்து சேர்கிறது.

இவ்வேற்பாட்டின் வேர்கள் தொழிற்சாலையிலேயே உள்ளன. 1865இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே மதுவடிசாலையொன்றின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டு அந்நகரத்துக் கொதிகலன் உடைமையாளர் தாமே ஒரு மேற்பார்வைச் சங்கத்தை அமைத்தனர். இன்று ஜேர்மனியிலே கார்களைப் பரிசோதிக்கும் 'ருவ்' அமைப்புகள் இத்தகைய கொதிகலன் சங்கங்களின் வழித்தோன்றல்களே. முதலாளிமார் தமது பொறியைத் தாமே மேற்பார்வை செய்வித்துக்கொண்ட முறை, 1951இல் எல்லா உடைமையாளருக்கும் உரிய கட்டாய வாகனப் பரிசோதனையாக விரிந்தது.

பிரித்தானியாவில் 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. 1960 செப்ரெம்பரில் தொடங்கிய பரிசோதனை, பத்தாண்டுக்கு மேற்பட்ட வாகனங்களின் தடுப்பு, விளக்கு, திசைதிருப்பி ஆகியவற்றை மாத்திரம் நோக்கியது. தேறாத வாகனங்கள் மிகப் பல என்பது வெளிப்பட்டதும், வயதெல்லை 1961இல் ஏழாண்டாகவும் 1967இல் மூன்றாண்டாகவும் குறைக்கப்பட்டது. கதவு அத்தொடக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை. இன்றோ முன்கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கின்றனவா என்று அங்கே சோதிக்கின்றனர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பரிசோதனைப் பணிப்புரை கதவுக் குறைகளைத் தரப்படுத்தியுள்ள முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. சரியாகத் திறவாத அல்லது மூடாத கதவு 'பெருங்குறை'. தானாகத் திறந்துவிடக்கூடிய பிணைச்சற் கதவு 'ஆபத்தான குறை'. பிணைச்சலோ தாழோ நிலைத்தூணோ நலிவுற்றிருப்பது 'சிறுகுறை'. அவை கழன்றிருப்பின் பெருங்குறை. பயணி வெளியே வீசப்படும் அபாயமும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும் அபாயமும் ஒரே தலைப்பின்கீழ் இங்கு அடக்கப்பட்டுள்ளன. மெடோனிலே எரிந்தவர்களின் படிப்பினையும் கோர்னெல் ஆய்வின் முடிவும் ஒரு பரிசோதகரின் படிவத்திலே சந்திக்கின்றன எனலாம். திறவுகோல் வேலைசெய்கிறதா என்பது இத்தரப்படுத்தலில் இடம்பெறவில்லை; உடைமைக் காவல் உடைமையாளனின் சொந்த விடயம் என்று விடப்பட்டது பொருத்தமே.

எனினும், பரிசோதனை விதியை முற்றும் முற்போக்கானது என்று கொண்டாடுவதும் தவறாகும். பரிசோதனைக் கட்டணமும் திருத்தச் செலவும் வாகனத்தை இறுதியாக வைத்திருப்பவர்மீதே விழுகின்றன. புதிய காரை வாங்கிச் சில ஆண்டுகளில் மாற்றிக்கொள்பவர் கதவு இறுகும் காலம்வரை அதனை வைத்திருப்பதில்லை. பழைய காரை வாங்குபவரே, அதாவது வசதி குறைந்தவரே, தேய்மானத்தையும் அதற்கான சட்டப்பொறுப்பையும் ஒருங்கே வாங்குகிறார். அன்றியும், பிரித்தானியாவிலே பரிசோதிக்கும் கராஜே திருத்தும் கராஜாகவும் இருக்கக்கூடும். குறையைக் கண்டுபிடிப்பவருக்கு அக்குறையால் வருமானம் உண்டாகுமிடத்து, விதியின் நோக்கமும் வணிகத்தின் நோக்கமும் முரண்படும் வாய்ப்பு உள்ளது. இதனாற் பரிசோதனை வேண்டாம் என்பது பெறப்படாது. பரிசோதனை எவர் கையிலே, எவர் செலவிலே நடைபெற வேண்டும் என்பதே இதனால் எழும் வினா.

4. இறுகிய கதவும் திருத்தும் உழைப்பும்

கதவு ஏன் இறுகுகிறது என்பதை இனி நோக்குவோம். தாழின் கூட்டிலே இட்ட கிறீஸ் ஆண்டுகள் பலவற்றில் தூசியோடு கலந்து களிபோற் கட்டியாகிறது. ஸ்பிறிங் துருவேறித் தளர்கிறது. கதவின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்கள் அடைபட்டால் கண்ணாடி வழியே இறங்கிய மழைநீர் உள்ளே தேங்கி, தகட்டையும் இணைப்புக் கம்பிகளையும் அரிக்கிறது. பிணைச்சலின் முளை தேய்ந்தாற் கதவு தன் பாரத்தாலே சற்றுத் தாழ்ந்துவிடும். அப்போது தாழ் நல்ல நிலையிலிருந்தும் நிலைத்தூணிலுள்ள தகட்டோடு பொருந்தாது. இத்தனையையும் பலர் ஒரே வழியால் வெல்ல முயல்வர்: ஓங்கி அறைவர். ஒவ்வோர் அறையும் முளையை மேலும் தேய்க்கிறது.

அனுபவமுள்ள கராஜ் தொழிலாளி முதலிற் செய்வது காரணத்தைப் பிரித்தறிதல். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தாழைத் திருப்புளியால் அழுத்திப் பார்ப்பார். இரு நிலைத் தாழாயின் இரு ஒலிகளும் தெளிவாகக் கேட்க வேண்டும். கைபிடியை இழுத்ததும் தடையின்றி விடுபட வேண்டும். இது நன்றாயிருந்தால் கோளாறு பொருத்தத்தில் உள்ளது. கதவின் நுனியைத் தூக்கிப் பிணைச்சலின் ஆட்டத்தை அறிந்து, நிலைத்தகட்டின் பழைய இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொண்டு, அதன் ஆணிகளைத் தளர்த்திச் சிறிது சிறிதாக நகர்த்துவார். தாழே இறுகியிருப்பின் கண்ணாடி சுற்றும் பிடியையும் உட்பலகையையும் கழற்றி, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பழைய கிறீஸைக் கழுவி, உலர்த்தி, புதிய கிறீஸை மெல்லிதாகப் பூசுவார். திறவுகோல் நுழையும் உருளைக்கு எண்ணெய் விடமாட்டார். எண்ணெய் தூசியைச் சேர்த்துவைக்கும் என்பதால் பென்சிற்கரித் தூளை இடுவார். ஸ்பிறிங்கைத் தீயிற் காட்டமாட்டார். அதன் பதம் கெட்டுவிடும். நீர்வடி துவாரங்களைக் கம்பியாற் குத்தித் திறப்பார். எல்லாம் முடிந்த பின்னும், உள்ளும் வெளியும் கைபிடிகள் தாழை விடுவிக்கின்றனவா என்று பாராமற் கதவை மூடமாட்டார். மூடிய கதவு உள்ளே சிக்கிக்கொண்டால் அதனைத் திறப்பது பெரும்பாடு.

இவ்வொழுங்கிலே காரணகாரிய அறிவும் பரிசோதனை முறையும் பொருளின் இயல்பு பற்றிய ஆழ்ந்த விளக்கமும் அடங்கியிருத்தல் வெளிப்படை. ஆயினும் இது அறிவெனக் கணிக்கப்படுவதில்லை. 'கைவேலை' என்ற பெயரால் தாழ்த்தப்படுகிறது. மூலதனம் நூலின் இரண்டாம் தொகுதியிலே மார்க்ஸ், நிலையான மூலதனத்தின் பேணுகையையும் பழுதுபார்த்தலையும் ஆராயுமிடத்து, ஓய்வு நேரத்திலே கூலியின்றி இயந்திரங்களைத் துப்புரவு செய்த தொழிலாளரைப் பற்றியும் அதனால் விளைந்த விபத்துகளைப் பற்றியும் குறிப்பிடுகிறார். பொருளின் பயன் மதிப்பு ஒருமுறை படைக்கப்பட்டு நிலைத்து நிற்பதன்று. உழைப்பு இடையறாது அதனைக் காத்துவருகிறது. புதிய காரின் விளம்பரத்திலே இவ்வுழைப்புக்கு இடமில்லை. பரிசோதனைச் சான்றிதழிலும் கார் தேறியது என்று மட்டுமே இருக்கும். அதனைத் தேறச் செய்தவரின் பெயர் இராது. நெடுநல்வாடைப் புலவர் கம்மியனுக்கு அளித்த இடத்தை நமது காலத்தின் ஆவணங்கள் அளிப்பதில்லை.

5. இலங்கையின் அனுபவம்

இலங்கைக்கு இவ்வரலாறு புறம்பானதன்று. குடியேற்ற ஆட்சியின் வணிக உறவுகள் வழியாகப் பிரித்தானியக் கார்களே இங்கு பெருமளவில் வந்தன. 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ40 போன்றனவும் நடுத்தர வர்க்கத்தின் அந்தஸ்துச் சின்னங்களாகத் தொடங்கி, பின்னர் வாடகைக் கார்களாகப் பலரின் பிழைப்புக்கு ஆதாரமாயின. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை, இருக்கும் கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. ஒரு தலைமுறைக் கராஜ் தொழிலாளரின் திறன் இவ்விறுக்கத்திலேயே உருப்பெற்றது.

வடபகுதியிலே இதனினும் கொடிய சூழல் பின்னர் உருவாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து எரிபொருள், உதிரிப்பாகம் முதலியன மீது விதிக்கப்பட்ட தடையினால், குறைந்த அமுக்க விகிதங்கொண்ட இப்பழைய எஞ்சின்களே மக்களுக்குக் கைகொடுத்தன. சில துளி பெற்றோலில் இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் அக்காலத்தில் வாழ்ந்தோர் மறக்கமாட்டார். நோயாளியையும் கர்ப்பிணியையும் காயம்பட்டவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற ஊர்திகளுள் அவையும் அடங்கும். புதிய பாகம் வரமுடியாத இடத்திலே பழையதை அராவியும் ஒட்டியும் மீட்பதே வழியாயிற்று. அத்தகைய பயணங்களிலே ஒரு கதவு திறக்கிறதா என்பது எத்துணைப் பெருங் கேள்வி என்பதை விளக்கவேண்டியதில்லை.

1990களிலேயே, வரலாற்றின் முரண்நகைபோல, வேறொன்றும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையமொன்று இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து இந்நாட்டிலே அக்காருக்கான பாகங்களைச் செய்விக்கத் தொடங்கியது. ஏகாதிபத்திய நாடு தன் தொழிற்சாலையில் 1971இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்ட காருக்கு, முன்னாட் குடியேற்ற நாட்டின் மலிவான, ஆயினும் தேர்ச்சிபெற்ற, உழைப்பு பாகங்களைச் செய்து கொடுத்தது. இங்கு பேணப்பட்ட திறனை அங்குள்ள சந்தை தனக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இன்று அதே வயதுடைய இரு மொறிஸ் மைனர்களை ஒப்பிட்டு நோக்குவோம். பிரித்தானியாவில் 2018 மே 20ஆம் திகதி முதல், நாற்பதாண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அவை குறைந்த தூரமே ஓடுகின்றன, உடைமையாளரால் நன்கு பேணப்படுகின்றன என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். தகுதியோடு வைத்திருக்கும் கடமை மட்டும் நீங்கவில்லை. அங்கே அக்கார் மரபுரிமைப் பொருள். விடுமுறை நாளிலே வெளியே எடுக்கப்படுவது. இங்கே வாடகைக்கு ஓடும் அதன் உடன்பிறப்போ ஓட்டுநரின் உழைப்புச் சாதனம். நாள்தோறும் அந்நியரை ஏற்றி இறக்குவது. வயது ஒன்றே, சமூகப் பயன் வேறு. ஆதலின் வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்ட எந்த விதியையும் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது.

நமது விதிகளின் நிலை யாது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் அடிப்படையாகவுள்ளது. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டப்படுகிறது. தனியாரின் சாதாரணக் காருக்கு அத்தகைய ஆண்டுப் பரிசோதனை இல்லை. 2008இல் மேல் மாகாணத்திலே தொடங்கிப் பிற மாகாணங்களுக்கும் விரிந்த புகைப் பரிசோதனையோ இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சான்றிதழ் இன்றி ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. காற்றைக் காப்பது நன்று. ஆனால் ஆண்டுதோறும் அந்நிலையத்துக்கு வரும் காரின் புகைக்குழாயிலே கருவியை நுழைப்பவர், அதன் பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இவ்வைந்தாண்டுகளில் வீதியிலுள்ள வாகனங்கள் யாவும் ஐந்தாண்டு மூத்தன. அவற்றின் தாழ்களும் அவ்வாறே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. உடைமையைக் காக்கும் பூட்டு முந்தி வந்தது; உயிரைக் காக்கும் தாழ் இறந்தோரின் கணக்கெடுக்கப்பட்ட பின்னரே சட்டத்துள் நுழைந்தது. நுழைந்த பின்னும், அதன் சுமை உற்பத்தியாளனிடமிருந்து இறுதி உடைமையாளனுக்குக் கைமாறியது. விதி இல்லாதவிடத்து அதன் விலையைச் செலுத்துபவர், கதவு திறவாத காரில் அமர்ந்திருக்கும் பயணி. விதி மட்டும் இருந்து திருத்தும் வசதி இல்லாதவிடத்து அவ்விலையைச் செலுத்துபவர், அன்றாட வருமானத்திலே வாழும் ஓட்டுநர். பயணியையும் ஓட்டுநரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தும் விதி நல்ல விதியாகாது.

ஆகவே பரிசோதனையை எதிர்ப்பதோ கண்மூடி வரவேற்பதோ நமது நிலைப்பாடாக இருத்தல் இயலாது. வாடகைக்கு மக்களை ஏற்றும் ஒவ்வொரு வாகனத்தின் ஒவ்வொரு கதவும் உள்ளும் வெளியும் திறத்தல் வேண்டும். ஓடும்போது திறவாதிருத்தல் வேண்டும். இதனைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இரு கைகளும் சில நிமிடங்களும் போதும். அப்பரிசோதனை இலாபம் கருதாத பொது நிறுவனத்தின் கையில் இருத்தல் வேண்டும். குறை காணப்பட்டால் தண்டத்துக்கு முன்னர் திருத்துவதற்குக் கால அவகாசமும் நியாய விலையில் உதிரிப்பாகமும் கிடைத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கராஜ்களிலே திரண்ட அறிவு பதிவுசெய்யப்பட்டு, தொழில்நுட்பக் கல்லூரிகளிலே உரிய இடம் பெறுதல் வேண்டும். அவ்வறிவுடையோர் விதி வகுக்கும் சபைகளிலும் அமர்தல் வேண்டும்.

ஓட்டுநர் இறங்கிவந்து கதவைத் திறந்துவிடும் காட்சியோடு இக்கட்டுரையைத் தொடங்கினோம். அவர் விரும்பினால் அவ்வாறு செய்யட்டும். ஆனால் அவர் வரும்வரை பயணி காத்திருக்க வேண்டிய கட்டாயம் இருத்தலாகாது.